அக்டோபர் பதினாலில் நின்ற படகு

கொச்சந்துறையில் ஆறு பேருக்கு நாற்பத்தொன்றாம் நாள் பூசை வைத்திருந்த அன்று காலை பதினொரு மணிக்கு, அந்த ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பாத 'விண்ணரசி' என்ற படகு, இன்றைக்குக் காற்று எப்படி என்று கேட்டது.

கேட்டது ஜெனோபாவிடம். கோவிலுக்குப் பின்னால் இருந்த அண்ணன் லியோனின் வீட்டில், தையல் மெஷின் மேசைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சாயங்காலம் தன் அண்ணனுக்காகவே நடக்கப்போகும் பூசையை நினைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அவள் அன்றும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று கடலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு வலைத்தளம் செய்துகொண்டிருந்தது. ஆள் தொடாமல் தானே பொத்தான்களை அமுக்கிப் பார்க்கும் ஒரு பிரவுசரை ஓடவிட்டு, அந்தத் தளம் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது ஜெனோபாவின் வேலை. 'காற்று' என்ற பொத்தானை அமுக்கினால் ஒரு கோரிக்கை கிளம்பி, எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். ஆனால் சர்வர் ஒரு நாள் புயல் என்னும், ஒரு நாள் பேசவே பேசாது. அதை நம்பிச் சோதனை நடத்த முடியாது என்பதால் ஜெனோபா பாதி வழியிலேயே நின்றுகொள்வாள். வருகிற கோரிக்கையை மறிப்பதற்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தாள். மறித்ததை மூன்று விதமாக நடத்தலாம்: சர்வருக்கே போக விடலாம், அங்கேயே வெட்டிவிடலாம், அல்லது சர்வரைப் போலப் பேசித் தானே பதில் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம். மூன்றாவதைச் செய்தால் கேட்டவருக்கு வித்தியாசம் தெரியாது. ஜெனோபா எப்போதும் மூன்றாவதைத்தான் செய்தாள். அதற்காக அவள் எழுதி வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று: தேதி அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காற்று லேசு, அலை அரை மீட்டர், வானம் தெளிவு, கடலில் நிற்கலாம்.

அந்தத் தளம் போட்ட ஃபோன் ஒன்றை, புழங்கிப் பார்க்கச் சொல்லி, ஒரே ஒரு படகுக்குக் கம்பெனி கொடுத்திருந்தது; அதில் கேட்பதெல்லாம் ஜெனோபாவின் லேப்டாப் வழியாகத்தான் சர்வருக்குப் போகும். தங்கச்சி செய்கிற சாமான் என்று பெருமையாக லியோன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தான். அக்டோபர் பதினான்காம் தேதி காலையிலேயே மற்ற படகுகளெல்லாம் வலையைச் சுருட்டிக்கொண்டு கரை திரும்ப, 'விண்ணரசி' மட்டும் திரும்பவில்லை. பதினைந்தாம் தேதி வந்த புயல் இரண்டு நாள் கடலைப் புரட்டிவிட்டுப் போனது. ஹெலிகாப்டர் தேடியது, கப்பல் தேடியது, ஊரே முப்பது படகெடுத்துத் தேடியது. ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

இப்போது திரையில் அந்தப் படகின் எண் நின்றது. அதற்குக் கீழே 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஒரு வரி இருந்தது: காத்து எப்படி பிள்ளே?

என்ன செய்வது என்று ஜெனோபா நினைப்பதற்கு முன்பே விதி கோரிக்கையை மறித்து, வழக்கமான பதிலைக் கொடுத்து அனுப்பிவிட்டது. ஒரு நிமிஷம் கழித்து அடுத்த குறிப்பு வந்தது: அப்ப நிக்கலாம். சரி.

அவள் அடுக்களைக்குப் போனாள். லியோனின் மனைவி வியாகுலம், பூசைக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஐந்து மாதத்துப் பெண் குழந்தை பெனிட்டா தொட்டிலில் கிடந்தது.

"மைனி, அண்ணன் காத்து எப்படீன்னு கேக்கு."

வியாகுலம் கையிலிருந்த தண்ணீரை உதறினாள். "சாப்பிட்டாங்களான்னு கேளு" என்றாள்.

பதிலில் 'கரைச் செய்தி' என்று ஒரு கட்டம் உண்டு. ஜெனோபா அதில் கேட்டாள். சாப்பிட்டாச்சு, சாயாவும் குடிச்சாச்சு என்று வந்தது. அரை மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. பங்குச் சாமியார் ஃபாதர் எலியாஸ் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு, பூசை செத்தவர்களுக்குத்தான், சாயா குடிக்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குத் திரும்பிப் போய், இறந்தவர்களின் பெயர் எழுதத் திறந்து வைத்திருந்த பதிவேட்டை மூடினார். களைந்த அரிசியை வீணாக்காமல் பொங்கி ஊரே சாப்பிட்டது.

முதல் வாரம் முழுக்க ஊர் ஒரே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்பியது: உடனே கரைக்கு வாருங்கள். வந்த பதிலும் ஒன்றுதான்: மதியம் ஆகட்டும், இப்பத்தான் வலை போட்டிருக்கோம், இன்னிக்குப் பகலு ரொம்ப நீளம், சூரியன் அனங்காம அசையாம நிக்கி. இதை மூன்று நாள் கேட்ட பிறகு ஜெனோபாவுக்குப் புரிந்தது; அவள் சொன்ன பிறகு ஊருக்கும் புரிந்தது. அவள் பதிலில் என்ன தேதி எழுதியிருந்ததோ அந்தத் தேதியில் படகு நின்றது. அவள் எழுதிய காற்று அங்கே வீசியது, அவள் எழுதிய அலை அங்கே அடித்தது. அவர்களுக்கு இன்னும் அக்டோபர் பதினாலு, காலை பதினொரு மணி.

"அப்ப தேதிய மாத்திப் போடு" என்றார் ஒருவர்.

"பதினாலுக்கு அடுத்தது பதினஞ்சு" என்றாள் வியாகுலம். அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திரும்பாத படகின் எண்ணிலிருந்து கோரிக்கை வருவதாக அவள் சொன்னபோது, கம்பெனியில் ஜெனோபாவுக்கு மேலிருந்தவர், பழைய தகவல் எங்கேயாவது தங்கியிருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டு என்று ஃபோனில் சொன்னார். அழிக்கிறேன் என்றாள். அழிக்கவில்லை.

இப்படியாகக் கொச்சந்துறை, தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு பழைய செவ்வாய்க்கிழமையோடு பேசிக்கொண்டு வாழப் பழகியது. சனிக்கிழமைகளில் ஆறு வீட்டுப் பெண்களும் ஜெனோபாவைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் வரியைச் சொல்வார்கள். அவள் தட்டச்சு செய்வாள், வருகிற பதிலைச் சத்தமாக வாசிப்பாள். ஆனால் அன்று காலைக்குள் அடங்குகிற சேதியை மட்டுமே சொல்லலாம். அதனால் ஊர் அந்த ஒரு முற்பகலை ஓர்மை பிடிக்கத் தொடங்கியது. அன்று யார் வீட்டில் என்ன கறி, எட்டரை மணி பஸ் எந்த வளைவில் பழுதாகி நின்றது, யாருடைய ஆடு கோவில் தோட்டத்துச் செம்பருத்தியை மேய்ந்தது, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றது என்று ஒவ்வொருவரும் நினைவுக்கு வந்ததைச் சொல்லச் சொல்ல, ஆலய உபதேசியார் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தார். முதல் மாதம் நான்கு பக்கமாக இருந்தது, ஒரு வருஷத்தில் இரண்டு நோட்டானது. நேற்று நடந்தது மறந்து போனவர்கள்கூட அக்டோபர் பதினான்காம் தேதி காலை ஒன்பதரைக்குத் தாங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றோம் என்பதைச் சொன்னார்கள். படகில் இருந்த ததேயு என்பவனின் அப்பா தேறாத நோயில் கிடந்து பிப்ரவரியில் இறந்தபோது, ததேயுவுக்குச் சொல்லவில்லை. "அப்பா பீடி குடிச்சிட்டு வெளிய உக்காந்திருக்காரு" என்றே மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் அன்று காலை அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்கலுக்குப் போன மற்ற படகுக்காரர்கள், படகு நிற்பதாக ஜெனோபாவின் திரை காட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே படகு இல்லை. ஆனால் நாலு பக்கமும் அலை ஆளுயரம் எழும்பும்போது நடுவில் ஒரு தெரு அகலத்துக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. அதன்மேல் மட்டும் வெயில் உச்சியிலிருந்து விழுந்தது. நல்ல மீன் கிடைக்கும் இடம்தான், இருந்தாலும் ஒருவரும் அங்கே வலை போடவில்லை. கடந்து போகும்போது எஞ்சினை அணைத்து, வெற்றிலைப் பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். அது மிதக்காது.

பெனிட்டா நடந்தாள், ஓடினாள், முழு வாக்கியம் பேசினாள். வியாகுலம் தொட்டிலை அவிழ்க்கவில்லை. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு அதில் தூங்கியது. சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அந்த வீட்டில் பெனிட்டா பேசக்கூடாது. எழுத்தில் போகிற செய்தியில் குழந்தையின் குரல் எப்படிக் கேட்கும் என்று யாரும் வியாகுலத்திடம் கேட்கவில்லை. "பிள்ள இப்பத்தான் தூங்கிச்சு" என்று அவள் சொல்ல, ஜெனோபா எழுத, வாயைப் பொத்திக்கொண்டு பெனிட்டா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஒரு புதன்கிழமை, கிளாடிஸ் தனியாக வந்தாள். படகில் போனவர்களில் வயதில் சின்னவன் ஸ்டெபின். அவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து இரண்டே மாதத்தில் அவன் கடலுக்குப் போயிருந்தான். சனிக்கிழமைகளில் எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்து, "நல்லா இரிக்கேன்னு போடுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத பெண்.

"அக்கா, அவருக்கும் எனக்கும் ரெண்டு வருஷம்கூட வித்தியாசம் இல்ல" என்றாள், நின்றபடியே. "அவருக்கு வயசு ஏறல்ல. எனக்கு ஏறுது. செப்டம்பர் வந்தா நான் எனக்க மாப்பிளைய விட மூத்தவ."

ஜெனோபா லேப்டாப்பின் மூடியைச் சாத்தினாள்.

"இன்னும் பத்து வருஷம் போனா என்னன்னு சொல்லி அனுப்புவேன்? அவருக்கு நான் அம்மா மாதிரி ஆனப்பறமும் நல்லா இரிக்கேன்னா? உண்மையான பதில் ஒண்ணு வரட்டும் அக்கா. சர்வர்ட்ட விடு."

"விட்டா என்ன ஆகும்னு தெரியாது கிளாடிஸ்."

"தெரியாததுனாலயா விடாம இரிக்க?"

இரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை ஜெனோபா அப்போது சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பதினான்காம் தேதி காலையில் லியோன் அந்த ஃபோனில் காற்று கேட்டான். அன்று சர்வரிடம் புயல் எச்சரிக்கை வந்திருந்தது. கேள்வி அங்கே போயிருந்தால், திரும்பு என்று பதில் வந்திருக்கும். ஆனால் சோதனைக்குப் போட்டிருந்த விதியை அவள் கழற்ற மறந்துபோயிருந்தாள். அண்ணனின் கேள்வி அவள் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. வானம் தெளிவு, கடலில் நிற்கலாம் என்று அவள் எழுதிய பதில்தான் அவனுக்குப் போனது.

கிளாடிஸ் அவளுடைய முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "வியாகுலம் அக்காட்ட சொன்னியா?"

"இல்ல."

"லியோன் அண்ணன்ட்ட?"

"இல்ல."

"சனிக்கிழம சொல்லு" என்றாள் கிளாடிஸ். மேசையிலிருந்த செம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்தச் சனிக்கிழமை ஆகஸ்டு இருபத்தொன்று. வீட்டிலும் வாசலிலும் ஆள் கொள்ளவில்லை. இன்று கேள்வியைச் சர்வருக்கே விடப்போவதாகக் கிளாடிஸ் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். வியாகுலம் லேப்டாப்புக்கும் ஜெனோபாவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேண்டாம். அவரு அங்க நல்லா இரிக்காரு. வெயிலு அடிக்கு, காத்து இருக்கு, சாயா குடிச்சாச்சு. அத ஏன் கெடுக்கணும்?"

"மைனி, அவரு நல்லா இருக்கல்ல. நிக்காரு" என்றாள் ஜெனோபா.

ததேயுவின் அம்மா கிளாடிஸை அறையப் போனாள், வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். ஒருவர் வேண்டும் என்றார், இருவர் வேண்டாம் என்றார்கள். ஃபாதர் எலியாஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெனிட்டா தொட்டிலிலிருந்து இறங்கி வந்து, பேசக்கூடாத நேரம் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் சேலையைப் பிடித்தாள். வியாகுலம் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், கனத்தது. ஒதுங்கி நின்றாள்.

விதியில் மாற்ற வேண்டியிருந்தது ஒரு வரிதான். பதினொரு மணிக்குக் கோரிக்கை வந்தது. முதல் தடவையாக ஜெனோபாவைக் கடந்து போனது. கொச்சந்துறையில் யாரும் படகு தொலைந்தது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காததால் சர்வரின் பதிவேட்டில் 'விண்ணரசி' இன்னும் கடலில்தான் இருந்தது. எல்லாப் படகுக்கும் சொல்வதைப் போலவே அதற்கும் சொன்னது: ஆகஸ்டு 21, சனிக்கிழமை. காற்று பலம். அலை இரண்டரை மீட்டர். உடனே கரை திரும்பவும்.

கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது: பிள்ளே, இது என்ன தேதி?

உண்மையான பதிலின் கீழும் கரைச் செய்திக்கு இடம் இருந்தது. ஜெனோபா எழுதினாள்: இதுதான் சரியான தேதி அண்ணா. பதினஞ்சாம் தேதி புயல் வந்துது. நீங்க வரல்ல. ரெண்டு வருஷமாகப் போவுது.

எனக்க பிள்ளைக்கு எத்தன வயசு?

"ரெண்டே கால்" என்றாள் வியாகுலம். "ஓடும்னு சொல்லு. எல்லாம் பேசும்னு சொல்லு."

ஒவ்வொருவராகக் கேட்டார்கள் போலிருந்தது. எழுதியது லியோனின் விரலாக இருந்தாலும் கேள்வியின் ருசியில் ஆள் தெரிந்தது. ததேயுவின் அப்பா இறந்ததைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்னார்கள். ஒரு வீடு மழையில் இடிந்ததையும், அதைத் திரும்பக் கட்டியதையும் சொன்னார்கள். கிளாடிஸ் முன்னால் வந்து, "நான் அவருக்க வயசுக்கு வந்துட்டேன்னு போடுங்க" என்றாள். அதற்கு, "அப்ப இனி நீ சொன்னதுதான் சட்டம்" என்று பதில் வந்தது. ஸ்டெபின் அப்படிப் பேசக்கூடியவன்தான் என்று அவனைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு ஜெனோபா யாரும் சொல்லாமலே தட்டச்சு செய்தாள். வழக்கம்போலச் சத்தமாக வாசித்தாள்: அண்ணா, அன்னிக்கு நீ கேட்டப்ப சர்வர்ட்ட புயல்னு பதில் இருந்துது. ஒனக்குப் போனது அது இல்ல. நான் சோதனைக்கு எழுதி வச்ச பதில். கழட்ட மறந்தது நான்.



பதில் வந்தது. ஜெனோபா லேப்டாப்பைக் கிளாடிஸின் பக்கம் திருப்பினாள். கிளாடிஸ் வாசித்தாள்: வானத்தப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா? மத்தப் படகெல்லாம் திரும்பினத கண்ணால பாத்தோம். சூரை மீனு நல்லாப் பட்டுது, அதான் நின்னோம். நீ அழாத.

அது நடந்ததுதானா, இல்லை தங்கச்சிக்காக அவன் எழுதிக் கொடுத்த பதிலா என்பது ஜெனோபாவுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டவருக்கு வித்தியாசம் தெரியாது.

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள் வியாகுலம். பிள்ளையோடு போய், ஜெனோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறையின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்த கோரிக்கையில் குறிப்பு இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் படகு நிற்கும் இடத்தை மூன்று எண்களாகக் கொண்டுவரும். இரண்டு எண் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும், மூன்றாவது கடல் மட்டத்திலிருந்து உயரத்துக்கு. படகுக்கு உயரம் எப்போதும் பூஜ்யம் என்பதால் அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இப்போது அங்கே மைனஸ் மூன்று என்று இருந்தது. ஜெனோபா அதை வாசித்தாள். ஐந்து நிமிஷத்தில் மைனஸ் பதினொன்று. பிறகு நாற்பது. பிறகு நூற்று இருபத்தாறு. அவசரமில்லாமல், மாடியிலிருந்து பேசிக்கொண்டே இறங்கி வருகிறவர்களைப் போல, 'விண்ணரசி' இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஜெபமாலை தொடங்கினார்கள். ஜெனோபா ஒரு எண்ணை வாசிப்பாள், பெண்கள் பத்து மணி உருட்டி ஜெபம் சொல்வார்கள், அடுத்த எண் வரும். எழுநூறு. ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஒப்பாரி வைப்பதில் பேர் போன ததேயுவின் அம்மாகூட வாய் திறந்து அழவில்லை. அழுதால் அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதுபோல எல்லாரும் அடங்கி இருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்று ஒரு தரம் வந்தது. அதே எண் இரண்டாம் தரம் வந்தது. மூன்றாம் தரமும் வந்தது. பிறகு வரவில்லை.

சாயங்காலம் கோவிலில் ஃபாதர் எலியாஸ் பதிவேட்டைத் திறந்தார். பெயர் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இறந்த நாளுக்கான கட்டம் இருந்தது. பேனாவைத் திறந்தவர் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தத் தேதி போட?"

புயல் வந்த நாள், பதினஞ்சு என்றாள் ததேயுவின் அம்மா. இல்லை, பதினாலு, அதுதான் அவர்களுடைய கடைசி நாள் என்றார் நோட்டு எழுதிய உபதேசியார். எல்லாரும் கிளாடிஸைப் பார்த்தார்கள். பழைய தேதியைப் போட்டால் அவள் இரண்டு வருஷத்து விதவை. வேறு வாழ்க்கைக்கு வழி இன்றே திறந்துவிடும். உண்மை வேண்டும் என்று நின்றவளும் அவள்தான்.

"இன்னைக்குத் தேதியப் போடுங்க ஃபாதர்" என்றாள் கிளாடிஸ்.

"மக்களே, அவங்க போனது..." என்று ஃபாதர் அவளிடம் தொடங்கினார்.

"நேத்து வரைக்கும் சாயா குடிச்சாச்சான்னு கேட்டோம், குடிச்சாச்சுன்னு சொன்னாங்க. அதெல்லாம் இல்லன்னு எழுதுவீங்களா? எனக்கு ரெண்டு மாசம் இல்ல ஃபாதர், ரெண்டு வருஷம் மாப்பிள இருந்தாரு."

ஃபாதர் எலியாஸ் வியாகுலத்தைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து ஜெனோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தவள் அவள். தோளில் தூங்கிவிட்ட பிள்ளையைச் சரியாகச் சாய்த்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்த ஜெனோபாவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நீதானே இத்தன நாளு வாசிச்ச" என்றாள். "வா. பேரச் சொல்லு, ஃபாதர் எழுதட்டும்."

ஜெனோபா மேசைக்கு முன்னால் வந்து நின்று, அண்ணன் பெயரிலிருந்து தொடங்கினாள். ஃபாதர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆகஸ்டு இருபத்தொன்று என்று எழுதினார்.